வினையெச்சம்

வினிபெக்கில் இன்று மைனஸ் இருபத்தாறு.
ஒன்பதே கால் மணிக்கு நான்கு பேர்
கோப்பைகளோடு பலகை முன் நிற்கிறோம்.
ஐந்தாவது ஆள் நிற்குமிடத்தில்
யாரும் நகர்ந்து நிற்பதில்லை.

பனி தள்ளும் வண்டிகளுக்கு வழி சொல்வது எங்கள் பிழைப்பு:
எந்தத் தெரு முதலில், எந்தச் சந்து கடைசியில்,
பள்ளிக்கூட வாசல் எத்தனை மணிக்குள்.
எங்களில் மண்வெட்டி பிடித்தவள் மார்கெரித் மட்டும்,
அதுவும் கார் புதைந்துபோகிற நாட்களில்.

திரையில் நான்கு பத்தி.
செய்யவேண்டியது. நடப்பது. சரிபார்ப்பு. முடிந்தது.
அட்டைகள் இடமிருந்து வலமாகப் போகவேண்டும்.
நடப்பது என்ற பத்தியில்தான் எல்லாம் நின்றுபோகும்.
வலமிருந்து இடம் திரும்புகிற அட்டையை
யாரும் பார்க்காத நேரத்தில் இழுப்போம்.

போன மாதம் ஒரு வியாழக்கிழமை,
பத்து நிமிட வீடியோ அழைப்பில்
திராகனை அனுப்பிவிட்டார்கள்.
மதியச் சாப்பாட்டுக்குள் அவன் முகம்
பலகையெங்கும் சாம்பல் வட்டமாகிவிட்டது.
அவன் பெயரில் பதினோரு அட்டைகள்.
பாகப்பிரிவினைக்கு வக்கீல் தேவைப்படவில்லை:
ஒயெலாரனுக்கு நான்கு, மார்கெரித்துக்கு மூன்று,
புதிதாகச் சேர்ந்த ப்ரீத்திந்தருக்குச் சின்னதாக மூன்று.
614ஐ மட்டும் ஒருவரும் தொடவில்லை.

614: நவம்பரில் கடிகாரம் பின்னால் போகும் இரவு,
முடித்த தெருவுக்கே வண்டி மறுபடி அனுப்பப்படுகிறது.

அந்த இரவு செல்கர்க் அவென்யூவிலிருந்து
ஓட்டுநர் வாலி ஹ்னாட்டியுக் போன் செய்தார்:
"தார் தெரியுது. இப்ப என்ன, தாரையும் தள்ளணுமா?"

அட்டைக்குள் திராகனின் கடைசிக் குறிப்பு.
ஆங்கிலத்தில்தான் எழுதியிருந்தான்;
எனக்குள் தமிழாக விழுந்தது:
"காரணம் பிடிபட்டுவிட்டது. நாளை காலை வந்து"

வந்து.

முற்றுப்புள்ளி இல்லை, முற்றும் இல்லை.
எட்டாம் வகுப்பில் இரண்டு மதிப்பெண்ணுக்கு
எழுதிவிட்டு மறந்த வினையெச்சம்
இத்தனை வருடம் கழித்து இங்கே நிற்கிறது,
தன் வினையைத் தேடிக்கொண்டு.

என்ன காரணம் என்று செய்தி அனுப்பினேன்.
இரண்டு நாள் கழித்துப் பதில்: "மறந்துவிட்டது."
திராகனுக்கு எதுவும் மறக்காது.
2019இல் நான் உடைத்த பில்டின் எண்ணைக்கூடச் சொல்வான்.
அவன் பலகையில் இது முடிந்தது, அவ்வளவுதான்.
கோபப்பட்டுப் பார்த்தேன். வரவில்லை.

அட்டையின் மேல் என் படத்தை வைத்தேன்.
மூன்று ராத்திரி.
ஒன்று ஐம்பதுக்கு வாலி தெருவை முடிக்கிறார்.
பத்து நிமிடத்தில் கடிகாரம் ஒன்றுக்குத் திரும்புகிறது.
இப்போது மணி ஒன்று ஐந்து.
ஒன்று ஐம்பது இன்னும் வரவே இல்லை.
வராத நேரத்தில் முடிந்த வேலையை
எங்கள் நிரல் நம்ப மறுக்கிறது.
வாலி தார் மேல் வண்டியை நிறுத்திவிட்டு
போனை எடுக்கிறார்.

திருத்தம் நான்கே வரி.
சோதனைக் கடிகாரத்தை நவம்பருக்குத் திருப்பி ஓட்டினேன். பச்சை.
மறுபடி ஓட்டினேன். பச்சை.
"முடிந்ததுக்கு இழுத்துவிடு" என்றான் ஒயெலாரன்,
வெள்ளிக்கிழமை எண்ணிக்கை காட்டவேண்டிய கவலையில்.
இழுத்துக்கொண்டே போன விரல்
சரிபார்ப்பிலேயே விட்டுவிட்டது.
நவம்பர் வரட்டும்.
அந்த இரவு போன் அடிக்காமல் இருக்கட்டும்.
திருத்தியவர் என்ற இடத்தில்
சாம்பல் வட்டத்தைப் பலகை ஏற்கவில்லை.
கீழே குறிப்பில் கையால் தட்டினேன்:
திராகனும் நானும்.

ஆறு மணி, பேருந்து நிறுத்தம்.
மஞ்சள் விளக்கு சுழல ஒரு வண்டி வந்து,
சாலையை வழித்து,
நான் நிற்கும் ஓரத்தில் முழங்கால் உயரம் குவித்து,
அடுத்த சந்தில் திரும்பி